படத்துக்கு நாலாவது ஆள்

மத்தியானம் இரண்டு மணி... ஆகஸ்ட் மாதம். பலெர்மோவில், வியா மக்வேதா வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை. கடைகள் எல்லாம் பூட்டு. ஜன்னல் பலகைகள் சாத்தியிருக்கின்றன. ஒரு நாய்கூட இல்லை.

சிரிக்காதே சிந்துஜன். பேய்க்கதை நடுச்சாமத்தில்தான் தொடங்கவேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? இந்த ஊரில் கோடை நடுச்சாமத்தில்தான் சனம் முழுக்க வெளியே நிற்கும். ஐஸ்கிறீம் குடிப்பதும், பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்து உலாத்துவதும் அப்போதுதான். ஆகஸ்ட் மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே போய்ப் பார். செத்தவர்களும் வேலைக்காரரும்தான் நடப்பார்கள். அந்த நேரத்தில் லிபெர்த்தா வீதிப் பணக்கார வீடுகளுக்கு வேலைக்கு நடந்து கால் தேய்ந்தவள் சொல்கிறேன், கேள்.

சிவராத்திரிக்கு விடியும்வரை கண் விழிக்கிறோம் என்று வந்தீர்கள். இப்போதே பாதிப் பேர் சுவரில் சாய்ந்தாச்சு. கிருசாந்தினி, அந்தப் போர்வையில் ஒரு பக்கத்தை வசுமதிக்கும் விடு. இந்த மண்டபத்துக்கு ஹீற்றர் போடுகிறோம் என்று போன வருடமும்தான் சொன்னார்கள். கிட்ட வந்து இருங்கள். இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு ஒரே கட்டடத்தில் வேலை செய்த துஷாந்தியின் தம்பிக்கு நடந்தது... இல்லை, பொறுங்கள். தம்பிக்கு நடந்தது பாதி. மற்றப் பாதி தம்பி செய்தது.

அவன் பெயர் தனேஸ். லண்டனில் இருக்கிறான். தாய் அப்போது ஊரில் உயிரோடு இருந்தா, ஆனால் வளர்த்தது துஷாந்தி. ஷெல் அடிக்கிற நேரம் அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடியவள் அவள்தான். இங்கே வந்து அடுத்தவர்களின் கிழவிகளைக் குளிப்பாட்டி அவனைப் படிப்பித்ததும் அவள்தான். கலியாணம் கட்டவில்லை. கேட்டால், எனக்குத் தம்பி இருக்கிறான் என்பாள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தனேசுக்கு வீதிப் படம் எடுக்கிற விசர். விடுமுறை கிடைத்தால் ஐரோப்பாவில் ஒரு நகரம். லிஸ்பன் போனான், புடாபெஸ்ட் போனான், நாப்போலி போனான். எந்த ஊரில் எந்தத் தெருவில் நின்றால் நல்ல படம் விழும் என்று சொல்லிக்கொடுக்க யூரியூப்பில் ஒரு சனல் வைத்திருக்கிறான். சும்மா சொல்லக்கூடாது, வேலை தெரிந்தவன். ஓர் ஊருக்கு வந்தால் முதல் நாள் கமராவை வெளியே எடுக்கமாட்டான். நடப்பான். சந்தைக்குப் போனால் சந்தைக்குள் நிற்கமாட்டான், சனம் பைகளோடு பிரிந்துபோகிற மூலையில் நிற்பான். தேவாலயம் என்றால் முன்வாசலை விட்டுவிட்டுப் பின்சுவரைப் பார்ப்பான். எந்தச் சுவர் ஒரே நிறம், எந்த நேரம் அதில் வெயில் விழும், ஆள் எந்த இருட்டிலிருந்து அந்த வெயிலுக்குள் வருவான்... இதுதான் அவன் பார்ப்பது. முதலில் இடத்தைப் பிடி, ஆள் தானாக வந்து விழும் என்பான். தூண்டில் போடுகிறவனின் பேச்சு.

போன ஆகஸ்டில் பெண்சாதி ஜெனனியோடு இங்கே வந்தான். எல்லோரும் எடுக்கிற நாற்சந்தி வேண்டாம், எல்லோரும் எடுக்கிற மீன் சந்தை வேண்டாம், ஒருவரும் எடுக்காத இடம் வேண்டும் என்று அக்காவைப் போட்டு நச்சரித்தான். துஷாந்திக்கு ஓர் ஒழுங்கை ஞாபகம் வந்தது. முந்தி பஸ் பிடிக்கக் குறுக்கே நடந்த ஒழுங்கை. பிறகு ஏன் அந்த வழியை விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

மூன்று பேரும் போனார்கள். ஒரு பக்கம் பழைய உலக யுத்தத்தில் குண்டு விழுந்து, மேல்மாடி இல்லாமல் அப்படியே கைவிட்ட வீடு. மற்றப் பக்கம் மஞ்சள் சுவர். நடுவில் ஒரு பாய் விரித்த அளவுக்கு வெயில். சுற்றிவர இருட்டு. எங்கேயோ கறி மிளகாய் சுட்ட மணம், பிளீச் மணம். தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றது... பிறகு ஒரு சத்தமும் இல்லை. தனேசுக்கு வாயெல்லாம் பல். இதுதான் அக்கா, இதுதான் என்றான்.

துஷாந்தியும் அன்று சந்தோசமாக இருந்தாள். அடுத்த மாதம் அவளுடைய பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கவிடுகிற அட்டை, புதுப்பிக்கிற திகதி. அந்த அட்டை கையில் கிடைத்தால் ஊருக்குப் போய்த் தாயைப் பார்க்கலாம். தாய் படுக்கையில். எத்தனையோ வருடமாகப் பார்க்கவில்லை. நிற்கிற இடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இடம் பிடித்தாச்சு, ஆளைக் காணவில்லை. நின்றார்கள், நின்றார்கள்... ஒருவரும் வரவில்லை. வெயில் சுவரோடு நகரத் தொடங்கியது. அப்போ நாங்களே நிற்போம் என்று தனேஸ் ஸ்ராண்டில் கமராவைப் பூட்டினான். ஜெனனி உடனே மாட்டேன் என்றாள். ஏன்? எண்ணிப் பாருங்கள். மூன்று பேர்.

உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருவரைக் கொண்டுபோகும் என்று எங்கள் வீடுகளில் விடமாட்டார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையையாவது தூக்கி வந்து நடுவில் நிறுத்துவோம். லண்டனில் வாழ்கிறோம் என்றால் இது போய்விடுமா? தனேசும் சிரித்தானே தவிர, மூன்று பேராக நிற்க அவனுக்கும் மனம் வரவில்லை. நாலாவது ஆளைத் தேடினான்.

அப்போதுதான் கண்டார்கள். இடிந்த வீட்டு வாசலில், நிழலுக்குள், ஒரு பிரம்புக் கதிரை. அதில் கறுப்பு உடுப்போடு ஒரு கிழவி. எவ்வளவு நேரமாக இருந்தாள் என்று மூன்று பேருக்கும் தெரியாது.

கிழவிகளோடு கதைப்பது துஷாந்திக்குத் தண்ணி பட்ட பாடு. சின்யோரா, எங்களோடு ஒரு படத்துக்கு நிற்கிறீர்களா என்று இத்தாலியனில் கேட்டாள். இந்த ஊர்க் கிழவிகளை எனக்குத் தெரியும். கதிரையிலிருந்து எழுப்புவதற்குள் எங்களுக்கு இடுப்பு முறியும். முழங்காலைச் சொல்லி, நீரிழிவைச் சொல்லி, மகன் ஞாயிற்றுக்கிழமையும் எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்லி... அதன் பிறகுதான் எழும்புவார்கள். இவள் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பினாள். கதிரைப் பிரம்பு மட்டும் கிறீச் என்றது. எங்கே நிற்க என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. தான் நிற்கப்போகிற இடத்தில் வேறொருவரை நிறுத்தி, முகம் தெளிவாக விழுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்து தங்கள் இடத்தில் நிற்பார்கள். தனேஸ் கமராவுக்குள் கண்ணை வைத்தபடி சொன்னான்:

"அக்கா, என்ரை இடத்திலை அவவை நிக்கச் சொல்லுங்கோ."

துஷாந்தி அதை அப்படியே இத்தாலியனில் சொன்னாள். கிழவி வந்து நின்றாள். பூட்டிக் கிடந்த அலுமாரியைத் திறந்தால் வருமே... பூச்சி உருண்டையும் ஊத்தைத் துணியும் சேர்ந்த மணம், அது வந்தது. ஜெனனியின் தோளில் கிழவியின் தோள் பட்டது. அந்த வெக்கையில், பிரிட்ஜிலிருந்து எடுத்த போத்தல் மாதிரிக் குளிர்ந்தது. பீப்... பீப்... பீப்... தனேஸ் ஓடிவந்தான். கிழவி ஓரத்துக்கு விலகினாள் என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள். அவன் ஜெனனியின் இடக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிளிக்.

கமராவில் பார்த்தார்கள். படத்தில் மூன்று பேர். துஷாந்தி, ஜெனனி, கிழவி. தனேஸ் இல்லை. டைமர் முந்திவிட்டது என்று அவன் சொன்னான். ஆனால் படத்தில் ஜெனனியின் இடக்கையை ஒரு கை பிடித்திருந்தது. கிழவியின் கை.

திரும்பிப் பார்த்தால் கிழவி இல்லை. கதிரை இருந்தது. அதன்மேல் விரல் வைத்தால் தடம் விழுகிற தூசி.

அன்று பின்னேரம் தனேசின் போன் அவனுடைய முகத்துக்குத் திறக்கவில்லை. போனை மாற்றவேண்டும் என்று சிரித்தார்கள். இரவு தாய்க்கு வீடியோ கோல் எடுத்தார்கள். தாய் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. பிறகு கேட்டா:

"தம்பியின்ரை குரல் கேக்குது... உந்தக் கிழவி ஆரடி துஷாந்தி?"

வசுமதி, போர்வையை முகத்துக்கு மேலே இழுக்காதே. காது கேட்காது.

போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். லிஸ்பனில் கிழவி. நாப்போலியில் கிழவி. கலியாணப் படத்தில் ஜெனனிக்குப் பக்கத்தில், மணவறையில், கழுத்தில் மாலையோடு, கறுப்பு உடுப்புக் கிழவி. விமானநிலையத்தில் பாஸ்போட்டை வாங்கிப் பார்த்த பெட்டை மரியாதையாகத்தான் சொன்னாள், பெயர் உங்களுடையது, படம் உங்கள் அம்மம்மாவினுடையது, மாறிக் கொண்டுவந்துவிட்டீர்கள் போல என்று. ஏற்றவில்லை. இரண்டு பேரும் பெட்டிகளோடு சீசாப் பக்கம் இருக்கிற துஷாந்தியின் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள்.

அதன் பிறகு ஜெனனி அவனோடு ஒரே அறையில் படுக்கவில்லை. இருட்டில் மூச்சு விடுகிறது யார் என்று தெரியவில்லை என்றாள். அவன் குளியலறைக் கண்ணாடியைத் துவாயால் மூடிவைத்தான். கண்ணாடியில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது, ஆனாலும் மூடினான். துஷாந்தி அழுதாள், கோயிலுக்கு நேர்ந்தாள், சமைத்ததை அவன் தொடவில்லை என்று தானும் சாப்பிடாமல் கிடந்தாள். அவன் அவளைப் பார்த்து ஒரே ஒரு கதைதான் கதைத்தான்.

"நீங்கள்தானே சொன்னனீங்கள். என்ரை இடத்தை நீங்கள்தானே அவவுக்குக் குடுத்தனீங்கள்."

கேட்டீர்களா? தூக்கி வளர்த்தவளுக்குக் கிடைத்த நன்றி அது.

ஒரு மத்தியானம் அவன் தனியாக அந்த ஒழுங்கைக்குப் போனான். யாரோடு என்ன கதைத்தான், எந்தப் பாசையில் கதைத்தான்... தெரியாது. வரும்போது முகம் தெளிந்திருந்தது. கை கழுவிவிட்டு இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டான். இன்னொரு படம் எடுத்தால் எல்லாம் சரிவரும் அக்கா, நாளைக்கு வாருங்கள் என்றான். துஷாந்தி வேலைக்கு லீவு சொன்னாள். பாவி, நல்ல சட்டை ஒன்றையும் இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனாள்.

அதே வெயில், அதே சுவர். கதிரையில் கிழவி இருந்தாள். கூப்பிடாமலே எழும்பி வந்தாள். தனேஸ் கமராவைப் பூட்டினான். ஜெனனி துஷாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் பிடிக்கிறாள் என்று துஷாந்தி நினைத்தாள்.

தனேசுக்கு இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது. வணக்கம்கூட இங்கிலீசில்தான் சொல்லுவான். அன்றைக்கு, போனைப் பார்த்துப் பாடமாக்கிய பிள்ளை மாதிரி, ஒரு வசனம் பிழையில்லாமல் சொன்னான்.

"சின்யோரா, பிரெந்தா இல் போஸ்தோ தி மியா சொரெல்லா."

சின்யோரா, என்னுடைய அக்காவின் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

டைமர் அடிக்கத் தொடங்கியது. பீப்... துஷாந்திக்கு விளங்கியது. பீப்... ஓர் அடி எடுத்து வைத்தால் படத்துக்கு வெளியே போய்விடுவாள். எடுக்கப் பார்த்தாள். ஜெனனியின் கை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், நகம் பதிய. பீப்... தம்பி என்று கூப்பிட்டாள். தனேஸ் அவளைப் பார்க்கவில்லை. கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். கிளிக்.

அடுத்த நாள் விமானநிலையத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. பாஸ்போட்டில் அவனுடைய முகம். ஜெனனி பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். லண்டன் போய் இறங்கிய பிறகு அக்காவின் நம்பரை இரண்டு பேரும் புளொக் பண்ணினார்கள். பிறகு அவன் சனலில் வீடியோ ஒன்று போட்டான். பலெர்மோவில் ஒருவரும் அறியாத படம் எடுக்கிற இடங்கள். முதலாவது இடம் அந்த ஒழுங்கை. மத்தியானம் இரண்டு மணிக்குப் போங்கள், வெயில் அற்புதம் என்று வாய் கூசாமல் சொல்கிறான். கீழே சனம் நன்றி எழுதியிருக்கிறது.

துஷாந்தி என்னிடம் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. உனக்குத் தலை பிசகிவிட்டது என்று பேசினேன். ஸ்ரேசனில் இருக்கிற, காசு போட்டால் தானாகப் படம் எடுக்கிற பெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரையை விலக்கி, அவளை ஸ்ரூலில் இருத்தி, தோடு சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். உள்ளே அவள், வெளியே நான். வேறு ஒரு சீவன் இல்லை. வெளிச்சம் அடித்தது. மெசின் கொஞ்ச நேரம் கரகரத்தது. ஈரத்தோடு வந்து விழுந்த தாளை நான்தான் எடுத்தேன்.

நாலு படத்திலும் கிழவி. முதல் படத்தில் வாய் மூடியிருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் திறந்திருந்தது. மூன்றாவதில் பல் தெரிந்தது. நாலாவதை நான் பார்க்கவில்லை, கசக்கிப்போட்டேன்.

அட்டை புதுப்பிக்கிற பொலிஸ் கந்தோரில், குவெஸ்தூராவில், இருந்தவன் பழைய அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், இது நீ இல்லையே என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. அது அவள் இல்லைத்தான். அட்டை புதுப்பிக்கப்படவில்லை. அட்டை இல்லாதவளை வைத்திருக்க முடியாது என்று அவள் குளிப்பாட்டிப் பார்த்துவந்த லிபெர்த்தாச் சின்யோராவின் மகள் கைவிரித்தாள். ஊருக்கும் போக முடியாது. கார்த்திகையில் தாய் செத்துப்போனா. செத்தவீட்டை வீடியோவில் காட்டினார்கள். துஷாந்தி போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டு அழுதாள். தன்னுடைய முகம் அங்கே போய் விழக்கூடாது என்று.

இப்போது அவள் வீட்டில் இருப்பதில்லை. மத்தியானம் ஆனால் அந்த ஒழுங்கைக்குப் போய்விடுகிறாள்.

போன கிழமை நான் சாப்பாடு கொண்டுபோனேன். சோறும் கணவாய்க் கறியும். மாசி மாதத்தில் அந்த ஒழுங்கையில் தரைக்கு வெயில் இறங்காது, வீடுகள் உயரம். இறங்கியிருந்தது. துஷாந்தி படியில் இருந்து சாப்பிட்டாள். ஒரு பிடி சோற்றைக் குழைத்து, எதிரே இருந்த கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். கதிரையில் ஒருவரும் இல்லை. ஆனால் பிரம்பு நடுவில் அமுங்கிப்போய் இருந்தது. நான் நிற்கும்போதே ஒருக்கால் கிறீச் என்றது.

நிறையப் பேர் வருகிறார்களாம், தம்பியின் வீடியோவைப் பார்த்து. ஜேர்மன்காரர், பிரெஞ்சுக்காரர்... கமராவும் கையுமாக. மூன்று பேராக நின்று சந்தோசமாகப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்களாம். அவர்களுக்கு நாலாவது ஆள் தேவையில்லை. எங்கள் சனம்தான் நாலாவது ஆளைக் கூப்பிடும் என்றாள் துஷாந்தி. சொல்லிவிட்டு விரலைச் சூப்பிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சந்திராக்கா, அடுத்தமுறை வரேக்கை இன்னும் ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. எங்கடை ஆளாய்ப் பாருங்கோ. நீங்கள் பயப்பிடாதேங்கோ... உங்கடை இடத்தை நான் குடுக்கமாட்டன்."

யாருக்காவது காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஓடி வருகிறவள். உன்னுடைய சாமத்திய வீட்டுக்கு விடியவிடிய இருந்து பலகாரம் சுட்டவள், கிருசாந்தினி. அவளுடைய வாயில் அந்தக் கதை. எனக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவனை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது நித்திரை போய்விட்டதுதானே. தேத்தண்ணி ஆறுகிறது, எடுத்துக் குடியுங்கள்.

விடிந்தால் திங்கட்கிழமை... மத்தியானம் இரண்டு மணிக்கு உங்களில் யாருக்கு வேலை இல்லை?